உப்புக்கு மேல் நிற்கும் தண்ணீர்: வாசகர் கேள்விகள்

(ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில். பதில் எழுதுபவர் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தேவிபட்டினம் பக்கத்து ஊர்க்காரர்.)

கேள்வி: எங்கள் ஊர்ப் பெண்கள் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளித்தான் குடம் நிரப்புகிறோம். முன்பெல்லாம் சித்திரை வரை இனிப்பாக இருந்த தண்ணீர் இப்போது மாசி பிறந்ததுமே உவர்த்துவிடுகிறது. 200 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று ஊராட்சியில் பேசுகிறார்கள். சம்மதிக்கலாமா?
— ஒரு வாசகி, வாலிநோக்கம் அருகே

பதில்: வேண்டாம் அம்மா. கூட்டத்தில் எழுந்து நின்று வேண்டாம் என்றே சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் ஊற்றில் ஊறுவது கடல்நீர் மணலில் வடிகட்டி வருவது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. மணல் உப்பை வடிகட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் மணல்மேட்டின்மீது விழுந்த மழைதான் உள்ளே இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் குழம்பில் எண்ணெய் மிதப்பதுபோல மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது, கடல்நீர் கனமானது, அவ்வளவுதான். நெதர்லாந்தின் கைபன் 1880களிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். மாவட்டத்தின் உள்பகுதியில் களிமண் அடுக்குக்குக் கீழே நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊர்கள் உண்டு. அந்த ஊர்களின் நியாயம் வேறு. கடலை ஒட்டிய மணல்மேட்டில் 200 அடிக் குழாய் உப்புக்குள்தான் போய் நிற்கும்.

தங்கச்சிமடம் அருகே வில்லூண்டித் தீர்த்தத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கடல், நடுவில் கிணறு, கிணற்றில் நல்ல தண்ணீர். கரையில் இறங்கிய மழைநீர் கடலை நோக்கி நகர்ந்து வெளியேறும் வழியில் அந்தக் கிணறு அமைந்திருக்கிறது. நாடு முழுவதும் போகும் தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றுகளும் மணலுக்குள் நிற்கும் இந்தத் தண்ணீரில்தான் வேர் பிடிக்கின்றன. மழை குறைந்த நம் கரையில் மக்கள் இத்தனை காலம் வாழ்ந்ததற்கு இந்த மணல்தான் ஆதாரம். அதை வெறும் மணல் என்று நினைத்து லாரியில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

இனி, ஏன் மாசியிலேயே உவர்க்கிறது என்பது. நம் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழை. அந்த மழை நாற்பது ஐம்பது நாட்களில் பரவிப் பெய்தால் மணல் குடித்துக்கொண்டே இருக்கும். இப்போது ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்தத் தண்ணீரில் எவ்வளவு நிலத்தில் இறங்கியது, எவ்வளவு தெருவில் ஓடிக் கடலில் சேர்ந்தது என்று அங்கிருந்தவர்களைக் கேளுங்கள். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதனால்தான் பெய்யும்போது இப்படிக் கொட்டுகிறது. கடலும் சும்மா இல்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கீழேயிருந்து உப்பு தள்ளுகிறது. மேலேயிருந்து வர வேண்டிய நன்னீர் ஓடிப்போகிறது. இதற்கு நடுவில் நாம் மேட்டை வெட்டி, பனையைச் சாய்த்து, மோட்டாரையும் வைத்தால் ஊற்று எப்படித் தாங்கும்?

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முதலில் மேட்டிலிருந்து ஒரு கூடை மணல்கூட வெளியே போகக்கூடாது. மேட்டின் உயரம்தான் உங்கள் தண்ணீரின் உயரம். மேட்டின் கடல் பக்கச் சரிவில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும், அவற்றைப் பிடுங்காதீர்கள். காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேட்டை வளர்ப்பவை அவைதான். வெறுமையான இடத்தில் கார்த்திகை ஈரத்தில் அடப்பங்கொடித் துண்டுகளை ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். பின்பக்கச் சரிவில் தாழையும் பனையும் போடுங்கள். சவுக்கை நெருக்கமாக நட வேண்டாம் என்பது என் கருத்து. அது விரைவில் வளர்கிறது என்று பாராட்டுகிறோம். அத்தனை வளர்ச்சிக்கும் தண்ணீர் நம் ஊற்றிலிருந்துதான் போகிறது.

அடுத்து, ஒரே இடத்தில் ஆழமாக எடுக்காமல், பல இடத்தில் மேலோட்டமாக எடுங்கள். 10 அல்லது 12 அடி உறைகிணறுகள் மூன்று, ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால், ஒன்றில் எடுக்கும்போது மற்றவை ஊறும். மோட்டார் வைத்தே ஆகவேண்டுமானால் சின்னதாக வையுங்கள். சிறிது நேரம் ஓட்டி நிறுத்திவிடுங்கள். கழிப்பறைக் குழிகளும் மீன் கழுவும் இடமும் மேட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். உப்பைப்போலவே கிருமியையும் மணல் முழுதாகத் தடுக்காது. ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை அமாவாசைக்கு மறுநாள் காலையில் அளந்து, ஊராட்சிச் சுவரில் எழுதுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாதபோது 2000 வரை. உங்கள் கிணறு 900-லிருந்து 1400-க்குப் போகிறது என்றால், நாக்கு உணரும் முன்பே எண் சொல்லிவிடும். அன்றே இறைப்பதைக் குறையுங்கள். நான் வேலையில் இருந்த காலமெல்லாம், தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போன பிறகுதான் ஊர்கள் பாட்டிலில் பிடித்து அனுப்பின. அதற்குள் அந்த மணலைத் திரும்ப நிரப்ப ஒன்றிரண்டு நல்ல பருவமழை தேவைப்படும் நிலை வந்திருக்கும்.

கேள்வி: கல்லூரியில் ஒரு கூட்டத்தில், காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள "சூழலமைப்பு சார்ந்த தகவமைப்பு" வேண்டும் என்றார்கள். அலையாத்தி மரங்களை நட்டால் எங்கள் ஊர்க் கிணறுகளில் உப்பு குறையும் என்றும் ஒருவர் சொன்னார். உண்மையா?
— மாணவர், தொண்டி

பதில்: முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி மிகை. காடு, சதுப்பு, மணல்மேடு, கண்மாய் போன்றவை ஏற்கெனவே செய்துவரும் வேலையைக் கெடுக்காமலும், கெட்டிருந்தால் சீர்செய்தும், அதன்மூலம் மாறும் காலநிலைக்கு மக்கள் ஈடுகொடுப்பது என்பதுதான் அந்த முறை. பல்லுயிர் உடன்படிக்கையின் அறிஞர் குழு 2009-ல் இதை வரையறுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக எந்த மரத்தையும் எங்கும் நடுவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

தம்பி, அலையாத்தி நன்னீரை உண்டாக்காது. அது வேறு வேலைகளைச் செய்கிறது. மூச்சுவேர்களுக்கிடையே சேற்றைப் பிடித்துக் கரையை உயர்த்துகிறது. அலையின் வேகத்தைக் குறைக்கிறது. புயலில் கடல்நீர் ஊருக்குள் ஏறுவதைத் தணிக்கிறது. கடல்நீர் ஒருமுறை ஊருணிக்குள் புகுந்தால் அந்த உப்பு எத்தனை காலம் தங்கும் என்று 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவில் கிணற்றுக்கும் அது காவல்தான்.

ஆனால் அலையாத்திக்கே நன்னீர் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காரங்காட்டுக்குப் போய்ப் பார். உப்பங்கழிக்குள் மழைக்கால வெள்ளம் வந்து உப்பைக் கழுவிவிடும் இடத்தில் மரம் தழைத்து நிற்கிறது. நீரோட்டம் அடைபட்ட இடத்தில் வெயிலில் உப்பு இறுகி, மரம் குட்டையாகிக் காய்கிறது. மேலே எல்லா ஓடைகளையும் தடுப்பணை கட்டி நிறுத்திவிட்டு, கீழே கன்று நடுவதில் பொருள் இல்லை. பிச்சாவரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அழிந்த அலையாத்திக் காட்டை மீட்டபோது, கன்று நடுவதற்கு முன்பு மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஏற்றவற்ற நீர் உள்ளே வந்து திரும்பும்படி செய்தார்கள். நீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் மரம் பிழைத்தது. உங்கள் கல்லூரியில் நடும் விழா வைத்தால், முதல் ஆண்டு மண்வெட்டியோடு வாய்க்கால் வேலைக்குப் போங்கள்.

இன்னொன்று. கடல்தாழை என்னும் கடற்புல் படர்ந்திருக்கும் ஆழமற்ற பரப்பில் அலையாத்தியை ஊன்றவே கூடாது. பாக் நீரிணையில் ஆவுளியா என்னும் கடல்பசு மேய்வதும், நண்டும் இறாலும் குஞ்சாக வளர்வதும் அந்தப் புல்வெளியில். நடுவதற்கு முன் அங்கு வலை இழுக்கும் மீனவர்களிடம் கேளுங்கள். எங்கே எது இருந்தது என்று எந்த வரைபடத்தையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாய் முழுவதும் சீமைக்கருவேலம். இயந்திரம் வைத்து மொத்தமாக அழித்துவிட்டு, அப்படியே பத்தடி ஆழமாகத் தோண்டினால் கோடை முழுவதும் தண்ணீர் நிற்கும் என்கிறார் ஒப்பந்தக்காரர். உங்கள் கருத்து?
— ஆயக்கட்டு விவசாயி, ஆர்.எஸ்.மங்கலம் வட்டம்

பதில்: ஐயா, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் இருக்கும் ஊர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். அத்தனை பெரிய கண்மாயைக் கட்டியவர்கள் அதை ஆழமாகத் தோண்டவில்லை. அகலமாகக் கரை கட்டினார்கள். அதற்குக் காரணம் உண்டு. கடலோரக் கண்மாயின் அடியில் இருக்கும் களிதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அதைக் கிழித்து இறங்கினால் ஒன்று தண்ணீர் கீழே வடிந்துவிடும், அல்லது கீழே இருக்கும் உவர் மேலே கசியும். இரண்டும் நடந்த கண்மாய்களிலிருந்து எனக்குப் பரிசோதனைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. மடையின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் பாசனத்துக்கும் ஏறாது.

ஆகவே படிந்த வண்டலை மட்டும் எடுங்கள். கரம்பை என்று நாம் சொல்லும் அந்த வண்டல் வயலுக்குப் போகட்டும். முண்டு மிளகாய்க்கு அதைவிட நல்ல உரம் நம் மண்ணில் கிடையாது. நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். கண்மாய் கெட்டால் அந்த மிளகாயும் இருக்காது.

சீமைக்கருவேலத்தை எடுக்கத்தான் வேண்டும். வெட்டினால் துளிர்க்கும், வேரோடு பறிக்க வேண்டும். அடுத்த மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முளைத்த கன்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும், இதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் போட்ட பணம் வீண். காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை திரும்பவும் உள்வாய்க்கு வரும் என்பதால் இது ஒருநாள் வேலை அல்ல. அதோடு, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உங்கள் ஊரிலும் இருக்கும். அவர்களிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். பறிக்கும் வேலையையும் விறகையும் அவர்களுக்கே முதலில் கொடுங்கள். மழையில்லாத ஆண்டுகளில் அந்த மரம்தான் அவர்கள் வீட்டு உலையை எரித்தது. ஒரே மூச்சில் மொத்தமும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு பங்கு எடுத்து, எடுத்த இடத்தின் ஓரத்தில் நாட்டுக்கருவேலமும் கரையில் பனையும் வையுங்கள். பறவைகள் கூடு கட்டியிருக்கும் மாதங்களில் மரத்தைத் தொடாதீர்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் ராம்சார் தலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் ஆயின. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல் சேர்ந்தன. நான்குமே பாசனத்துக்காக வெட்டப்பட்ட கண்மாய்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் வரத்துக்கால்வாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அதுதான் கவலை. மேலேயுள்ள கண்மாய் நிறைந்து, உபரிநீர் வழியும் கலுங்கிலிருந்து மறுகால் பாய்ந்து உங்கள் உள்வாய்க்கு வரும் பாதையில் எத்தனை இடத்தில் மண் மேடிட்டிருக்கிறது, எத்தனை இடத்தில் சாலைக்குக் குழாய் போட்டுக் குறுக்கியிருக்கிறார்கள் என்று பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். மூன்று நாள் மழையில் வர வேண்டிய தண்ணீர் இப்போது ஒரே இரவில் வருகிறது. கால்வாய் குறுகியிருந்தால் அது கண்மாய்க்கு வராமல் வயலை அழித்துக்கொண்டு கடலுக்குப் போகும். போகிற போக்கில் சேற்றைக் கடல்தாழை மேல் கொட்டும். உங்கள் கால்வாய்க்கும் தொண்டி மீனவர் வலைக்கும் அந்த அளவுக்குத் தொடர்பு இருக்கிறது. இயந்திரத்தின் முதல் வேலை கால்வாயில் இருக்கட்டும்.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டிவிட்டால் இத்தனை பாடு எதற்கு?
— வாசகர், கீழக்கரை

பதில்: சில ஊர்களுக்கு அது வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால் 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகும். மின்சாரம் நின்றால் தண்ணீர் நிற்கும். உப்பைப் பிரிக்கும் சவ்வு பழுதானால் ஊர் காத்திருக்கும். பிரிந்த உப்புக் கழிவை எங்கே விடுவது என்ற கேள்வியும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அந்தப் பாறைகள் அலையை உடைப்பதால்தான் உங்கள் கரையே நிற்கிறது. நிலையம் குடிக்கக் கொடுக்கும். ஆட்டுக்கும் மிளகாய்க்கும் பனைக்கும் கொடுக்காது.

கேள்வி: எங்கள் ஊருணியை ஒட்டி இறால் பண்ணை வந்திருக்கிறது. ஒரே ஆண்டில் தண்ணீர் உப்பாகிவிட்டது. பண்ணைக்காரர் மழை இல்லாததால் என்கிறார். யாரிடம் போவது?
— ஊர்ப் பெரியவர், திருப்பாலைக்குடி பக்கம்

பதில்: கையில் எண்களோடு போங்கள் ஐயா. ஊருணியில் ஒன்று, பண்ணைக்கும் ஊருணிக்கும் நடுவே ஒரு கைக்குழாயில் ஒன்று, பண்ணைக்கு எதிர்ப்பக்கம் தொலைவில் உள்ள கிணற்றில் ஒன்று என மூன்று இடத்தில் ஒரே நாளில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மழையின்மைதான் காரணம் என்றால் மூன்றும் ஏறியிருக்கும். பண்ணைப் பக்கம் மட்டும் ஏறியிருந்தால் அந்தத் தாளே பேசும். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-ல் வந்தது. பதிவு இல்லாமல் பண்ணை நடத்தக் கூடாது. அதன் வழிகாட்டுதல்கள் குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கச் சொல்கின்றன. பதிவு எண் கேளுங்கள், தொலைவை அளந்து படம் எடுங்கள், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகள் குறித்துக் கடுமையான தீர்ப்புத் தந்ததற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட ஊர்களின் மனுக்களும் போராட்டங்களும்தான் இருந்தன.

கேள்வி: முதல்முறையாக வார்டு உறுப்பினர் ஆகியிருக்கிறேன். தண்ணீருக்காக எங்கள் வார்டுக்குக் கிடைப்பது சொற்பத் தொகை. இதுவரை நீங்கள் எழுதியதில் எதை முதலில் தொடங்குவது?
— மண்டபம் ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: ஊருணியை, மகளே. அதிலும் ஊருணியின் வாயை. கரையைச் சுற்றிச் சிமெண்ட் பூசி, கம்பி வேலி போட்டு, பெயர்ப்பலகை வைக்கச் சொல்வார்கள். அதற்குப் பணம் கொடுக்காதே. மழைநீர் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வர வேண்டும் என்று பார். பெரும்பாலும் அந்த வழியை யாராவது மண் போட்டு அடைத்திருப்பார்கள், அல்லது அங்கே குப்பை கிடக்கும். அதைத் திறப்பதற்கு ஒரு நாள் கூலி ஆட்களே போதும். உள்ளே வரும் இடத்தில் வெட்டிவேர் இரண்டு வரிசை வைத்தால் சேறு அங்கேயே தங்கிவிடும்.

ஊருணி நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளுக்குள் நன்னீரின் மட்டம் ஏறும். முதல் கடிதத்துக்கு எழுதிய 1 அடி, 40 அடிக் கணக்கு உன் வார்டுக்கும் அப்படியே பொருந்தும். ஊருணிக் கரையில் பனைவிதையை ஆவணி, புரட்டாசியில் ஊன்றச் சொல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொறுக்கிக் கொண்டுவருவார்கள், செலவே இல்லை. இருக்கும் பனையை வெட்ட வருகிறவரிடம் ஆட்சியரின் அனுமதிக் கடிதத்தைக் கேள். அது இல்லாமல் தமிழ்நாட்டில் பனை வெட்டக் கூடாது.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராமசபை கூடும். அதற்கு முன்பாகவே ஊருணியின் எல்லையைக் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டு அளந்து, புல எண்ணைத் தீர்மானத்தில் எழுதவை. எண் எழுதப்படாத ஊருணி பத்து ஆண்டில் யாருடைய மனையாகவும் மாறும். வரத்து வழியின் புல எண்ணையும் சேர்த்து எழுதச் சொல். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆடி முடிவதற்குள் வழியைத் திறந்துவிடு. முதல் பெரிய மழை பெய்யும்போது குடையோடு போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே தப்பி ஓடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள். அடுத்த ஆண்டுப் பணத்தை எங்கே செலவழிப்பது என்பது அந்தக் குறிப்பில் இருக்கும். தை மாதம் டி.டி.எஸ். அளவுகளோடு எனக்கு எழுது.